ஆழ்கடலின் தொப்புள்கொடி

நுழையும்முன்

வானூரை அடுத்த மரக்காணம் உப்பளங்களில் பாத்தி கட்டிக் கடல்நீரைத் தேக்குவர். வெயில் நீரை உறிஞ்ச, உப்பு எஞ்சும். ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. உணவுக்குச் சுவையூட்டும் இவ்வுப்பே ஆழ்கடல் ஆய்வுக்குத் தடையாகவும் நிற்கிறது. அத்தடையை அறிவியல் கடந்த வழியை அறிவோம்.

உப்பு எழுப்பிய தடை

உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். அதனால் வானொலி அலைகளை விரைவில் உட்கவர்ந்துவிடும். விண்கலத்தை அலைகளால் இயக்கும் மனிதர், ஆழ்கடல் ஊர்தியை அவ்வாறு இயக்க இயலாது. ஒலி நீரில் நெடுந்தொலைவு செல்லும். ஆயினும், 6000 மீட்டர் ஆழத்தை அடைய அதற்கு ஏறத்தாழ 4 நொடிகள் ஆகும். தெளிவான நேரலைக் காட்சிகளைச் சுமக்கும் ஆற்றலும் அதற்கில்லை. எனவே, ஊர்தியைக் கப்பலோடு வடத்தால் பிணைக்க வேண்டியதாயிற்று.

வடமும் கூண்டும்

எஃகுக் கம்பிகள் போர்த்திய அவ்வடத்தினுள் செம்புக்கம்பிகள் மின்னாற்றலைக் கொண்டுசெல்கின்றன; ஒளியிழைகள் கட்டளைகளையும் காட்சிகளையும் கடத்துகின்றன. ஆனால், அலைகளில் கப்பல் ஏறி இறங்கும்போது கனத்த வடமும் உடன் அசையும். ஊர்தி அதனோடு நேரே பிணைந்திருந்தால் ஓரிடத்தில் நின்று பணி செய்ய முடியாது. ஆகவே, வடத்தின் நுனியில் ஒரு கூண்டு தொங்கவிடப்படுகிறது. கடலடியை நெருங்கியதும் ஊர்தி கூண்டைவிட்டு வெளியேறும். நீரில் மூழ்காமலும் மிதந்தெழாமலும் நிற்கும் மெல்லிய இணைப்புவடம் கூண்டிலிருந்து அவிழும். அதன் தளர்ச்சி கப்பலின் அசைவை ஊர்திக்கு எட்டாமல் தடுக்கும்.

அழுத்தத்தை வெல்லுதல்

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6000 மீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஏறத்தாழ 600 கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்தும். மின்னணுக் கருவிகள் வலிய உலோகக் கலங்களுள் காக்கப்படுகின்றன. மின்னோடிகளில் எண்ணெய் நிரப்பி, உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்திற்கு ஈடாக்குகின்றனர். நுண்ணிய கண்ணாடிக் கோளங்கள் கலந்த மிதவைப்பொருள் ஊர்தியின் எடையைத் தாங்குகிறது. உந்திகள் அதை நகர்த்த, எந்திரக் கைகள் மாதிரிகளை எடுக்கின்றன.

நம் நாட்டின் முயற்சி

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், உருசிய நிறுவனமொன்றுடன் இணைந்து 'ரோசப் 6000' என்னும் ஊர்தியை உருவாக்கியது. 2010இல் அது நடு இந்தியப் பெருங்கடலில் 5289 மீட்டர் ஆழத்தை எட்டியது. அப்பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக முண்டுகளை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட்டு ஆகியவை அடங்கிய அம்முண்டுகள் கிடக்கும் இருளுக்குள், மனித உயிரைப் பணயம் வைக்காமல் நம் கண்ணும் கையும் சென்றுவர அவ்வடமே வழி.

கற்பவை கற்றபின்

வடமின்றித் தானே இயங்கும் நீர்மூழ்கி ஊர்திக்கும் இவ்வூர்திக்கும் உள்ள வேறுபாடுகளைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.