மாயாவியின் மின்சாரமும் சூப்பர்மேனின் மூக்குக்கண்ணாடியும்

“மின்னல் அடிச்சா பவர் வருமா சார்?” எட்டாம் வகுப்பில் மின்னியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பலரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பீர்கள். 2021 டிசம்பரில் ‘மின்னல் முரளி’ வந்தது. மின்னல் தாக்கிய தையல்காரர் ஒருவர் சாகச நாயகனாகும் கதை. மலையாளப் படமானாலும் தமிழிலும் கிடைப்பதால் மலையடிவாரப் பிள்ளைகள் அதைப் பலமுறை பார்த்துவிட்டார்கள். தேவாரம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் மலையிலிருந்து இறங்கும் இடிமழை எப்படிப்பட்டது என்பது இங்கே பணியாற்றியவர்களுக்குத் தெரியும். மழை இறங்கும் நேரத்தில் தோட்டத்தில் தனியே நிற்கும் ஒரு பிள்ளையின் மனத்தில் இந்தக் கேள்வி இருந்தால் அது வெறும் சினிமாப் பேச்சு அல்ல.

“அதெல்லாம் கதைப்பா, பாடத்தைக் கவனி” என்று நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் கேள்வி வகுப்பை விட்டு வெளியே போகுமே தவிர, பிள்ளையின் தலையை விட்டுப் போகாது. 1997இல் தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ தொடர் ஓடியபோது, அவர் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் குழந்தைகள் ஆபத்தில் சிக்கியதாக நாடெங்கும் செய்திகள் வந்தன. அதில் நடித்த முகேஷ் கன்னாவே, இதைச் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் கதையைத் தடுப்பதை விட வகுப்புக்குள் அழைத்து விசாரிப்பது மேல் என்று நினைக்கிறேன். நாங்கள் கேட்பவை இரண்டே கேள்விகள். நாயகனுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது? அவன் எதை, ஏன் மறைக்கிறான்?

முதல் கேள்விக்குக் கரும்பலகையில் பெயர்களை எழுதச் சொன்னால் பலகை நிறைந்துவிடும். ஸ்பைடர்மேனுக்குக் கதிரியக்கம் ஏறிய சிலந்தி, ஹல்க்குக்குக் காமா கதிர், இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம். மாயாவியை இன்றைய பிள்ளைகளுக்கு நாம்தான் அறிமுகம் செய்ய வேண்டும். 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன் கதைதான். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கிராண்டல் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரத்தைத் தொட்டதும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். வாடகை நூல் நிலையத்தில் அந்தப் புத்தகங்களுக்கு வரிசையில் நின்ற தலைமுறை என்னுடையது.

பட்டியலில் ஆண்டையும் சேர்த்தால் ஒரு வியப்பு. மாயாவியின் ஆங்கில மூலம், ஸ்பைடர்மேன், ஹல்க் மூன்றும் தொடங்கியது 1962இல். வல்லரசுகள் அணுகுண்டுச் சோதனைகளைப் போட்டி போட்டு நடத்திய காலம் அது. ஊர் எதைக் கண்டு அஞ்சியதோ அதுவே கதையில் சக்தியாக வந்திருக்கிறது. 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ படத்தில் வேற்றுக்கிரகவாசி தேடி வரும் பொருள், பூமியை ஆழமாகத் துளைக்கப் பயன்படுகிறது. இது இந்தக் காலத்து அச்சம். சமூக அறிவியல் ஆசிரியருக்கு இதிலேயே ஒரு பாடவேளை கிடைக்கும்.

இனி மாயாவியின் மின்சாரம். வீட்டு இணைப்பு 230 வோல்ட். 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். 60ஐ 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.26 ஆம்பியர், அதாவது 260 மில்லி ஆம்பியர். வீடுகளில் பொருத்தும் உயிர்காப்பு மின்துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் உடலில் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து இருப்பதால்தான் அந்த அளவு. ஒரு பல்பு குடிக்கும் மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்கே மனிதனுக்கு ஆபத்து என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அதைவிடக் குறைந்த மின்னோட்டமே கைத்தசையை இறுக்கிவிடும்; பிடித்த கம்பியை விட முடியாது. மாயாவி தொட்டுவிட்டுக் கையை எடுக்கிறான். நம்மால் எடுக்க முடியாமல் போகலாம்.

இந்த இடத்தில் நான் அவசரப்படுவதில்லை. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியெல்லாம் கிணற்று மோட்டார், ஈரத்தரை, வேலிக்கம்பி. காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக மின்கம்பியை நேரடியாக வேலியில் இணைக்கிறார்கள். சூரிய மின்வேலி விட்டுவிட்டு மிகச் சிறு நேரத்துக்கு மட்டும் அதிர்ச்சி தருவது, அது விரட்டும். நேரடி இணைப்பு கொல்லும். பார்வைக்கு இரண்டும் ஒரே கம்பிதான், எனவே எந்தக் கம்பியையும் தொடக்கூடாது. ஒருவர் மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காமல் முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும், 108ஐ அழைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் விலகி நின்று மின்னகத்துக்கு (94987 94987) சொல்லலாம். வகுப்பில் ஒருவர் மாயாவியாகவும் மற்றவர் காப்பாற்றுபவராகவும் நடித்துப் பார்த்தால் இந்த வரிசை மறப்பதில்லை. நடிப்புக்குக் கயிறு போதும், கம்பி வேண்டாம்.

மின்னலுக்கும் பதில் சொல்லிவிடலாம். மின்னல் பாயும் பாதையில் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 30,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. ஒளியைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டரில் தூரம். 30 நொடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். தென்னையின் கீழோ புளியமரத்தின் கீழோ ஒதுங்கக் கூடாது.

இவ்வளவும் பயமுறுத்தும் பாடமாகிவிடாமல் இருக்க, அடுத்த பாடவேளையில் சூப்பர்மேனை அழைத்து வாருங்கள். 1938இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்கள் படைத்த முதல் சூப்பர்மேன் பறக்கவில்லை, தாவினான். 20 மாடிக் கட்டடத்தை ஒரே தாவலில் கடந்தான். பறப்பது பின்னர் வந்தது. சுவரருகே பிள்ளைகளை நிறுத்தி, கையை உயர்த்தி ஒரு சுண்ணக்கட்டிக் குறி, குதித்து ஒரு குறி. இடைவெளி 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிலவின் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு என்பதால் அங்கே அதே பிள்ளை 180 செ.மீ. எழும்பும். இப்போது சூப்பர்மேன்: மாடிக்கு 3 மீட்டர் என்றால் 60 மீட்டர். தன் கோளில் அவன் நம்மைப் போல 30 செ.மீ. மட்டுமே குதித்திருந்தால், அந்தக் கிரிப்டானின் ஈர்ப்பு பூமியைப் போல 200 மடங்கு இருக்க வேண்டும். வியாழனுக்கே சுமார் 2.5 மடங்கு, சூரியனுக்கு 28 மடங்குதான். 40 கிலோ பிள்ளை அங்கே போனால் 8,000 கிலோ சுமப்பது போலிருக்கும். கதையை யாரும் பொய் என்று சொல்லவில்லை, கணக்கு சொல்லிவிட்டது.

வேற்றுக்கிரகம், விண்வெளி என்று பேச்சு வந்தால் எங்கள் பகுதிப் பிள்ளைகள் பக்கத்துப் பொட்டிப்புரம் மலையைக் கேட்காமல் விடமாட்டார்கள். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும், 2022இல் தமிழ்நாடு அரசு அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்ததும் அவர்கள் வீட்டில் கேட்ட செய்திகள். இங்கே இரண்டு விஷயங்களைக் கலக்காமல் இருந்தால் போதும். நியூட்ரினோ விண்ணிலிருந்து வருவதுதான். சூரியனிலிருந்து மட்டும் நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 6,500 கோடி நம்மைக் கடந்து போகின்றன, நமக்கு ஒன்றும் ஆவதில்லை. மலையைக் குடையலாமா என்பது நீர், காடு, ஊர் சார்ந்த வேறு கேள்வி. முதலாவது அறிவியல் வகுப்புக்கு, இரண்டாவது சமூக அறிவியல் வகுப்புக்கு.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். வேற்றுக்கிரகக் குழந்தையான சூப்பர்மேன், கிளார்க் கென்ட் என்ற பெயரில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தியாளராக வாழ்கிறான். அவனைப் படைத்த இருவரும் அமெரிக்காவில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். வெளியூரான் என்று தெரியாமல் வாழ்வது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நம் வகுப்பிலும் கிளார்க்குகள் இருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, ஏலத்தோட்ட வேலைக்குப் போன பெற்றோருடன் இடுக்கியில் மலையாளத்தில் படித்துத் திரும்பிய பிள்ளை, வடமாநிலத்திலிருந்து வந்த பிள்ளை. சிரிப்பார்களோ என்று வாயைத் திறக்காமல் இருக்கும் இவர்களை நாம் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்துவிடும் ஆபத்து உண்டு.

“உன்னைப் பற்றிச் சொல்” என்று எழுப்பி நிறுத்தும் செயல்பாடு எனக்கு உடன்பாடில்லை. அது மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவது போன்றது. மாறாக, கிளார்க்கின் நாட்குறிப்பு ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். பெயர் எழுத வேண்டாம், வகுப்பில் வாசிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “எனக்கு எங்க ஊர் பாஷை தெரியாது, சொல்லித்தர ஆளே இல்லை” என்று ஒரு தாளில் இருந்தது. அடுத்த வாரம் ‘தண்ணீர்’ என்ற சொல்லை வகுப்பில் தெரிந்த எல்லா மொழிகளிலும் பலகையில் எழுதினோம். ஐந்து மொழிகள் வந்தன. யார் சொன்னார்கள் என்று குறிக்கவில்லை.

நாட்குறிப்பில் அச்சம் தரும் ரகசியம் ஏதேனும் தென்பட்டால் அது மொழிப்பயிற்சித் தாள் அல்ல. மற்ற ஆசிரியர்களிடம் பேச்சுப்பொருளாக்காமல் தலைமையாசிரியரிடம் கொண்டுசெல்லுங்கள்; 1098, 14417 இரண்டு எண்களும் சுவரில் இருக்கட்டும்.

மொத்தம் நான்கு பாடவேளைகள், செலவு சுண்ணக்கட்டி மட்டும். எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. மாயாவியின் உடல் மறைந்துவிட்டால் ஒளி அவன் விழித்திரையிலும் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும். அப்படியானால் அவனுக்குக் கண் தெரியுமா? ஒளியியல் பாடம் வரும்வரை பலகையின் ஓரத்தில் அதை அழிக்காமல் வைத்திருக்கிறோம்.