சுமைகூலி முக்கால் பணம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று பாட்டி சொல்லக் கேட்டு நாங்கள் சிரித்ததுண்டு. சென்ற விடுமுறையில் அப்பழமொழியின் பொருள் எங்கள் வீட்டிலேயே விளங்கியது.

ஓர் இசை நிகழ்ச்சிக்கு நாங்கள் நால்வரும் செல்ல விரும்பினோம். சீட்டு ஒன்று 500 ரூபாய் என்று விளம்பரத்தில் கண்டு, அம்மா 2,100 ரூபாய் எடுத்து வைத்தார்கள். அப்பா கைப்பேசியில் இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் சீட்டு ஒன்றுக்கு 45 ரூபாய் 'வசதிக் கட்டணம்' என்றும், அதன்மேல் 18 விழுக்காடு வரி என்றும் வந்தது. மொத்தம் 2,212 ரூபாய் 40 காசு! "நீங்கள் மூவரும் போய் வாருங்கள், எனக்கு வேலை இருக்கிறது" என்றார்கள் அம்மா. அன்று அப்படி ஒரு வேலையும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். முதலிலேயே முழு விலையைச் சொல்லியிருந்தால், குறைந்த விலைச் சீட்டாகப் பார்த்து நால்வரும் சென்றிருப்போம்.

இவ்வாறு விலையைச் சொட்டுச் சொட்டாகச் சொல்வதை 'டிரிப் பிரைசிங்' என்பர். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் இதைத் தடை செய்கின்றன. வாங்குபவரை ஏமாற்றும் 13 தந்திரங்கள் அவற்றில் கூறப்பட்டுள்ளன. சம்மதம் கேளாமல் நன்கொடையைக் கணக்கில் சேர்ப்பதும் அவற்றுள் அடங்கும். தருமமேயானாலும் கேட்டுத்தான் பெற வேண்டும் அன்றோ!

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2022 ஆகஸ்ட் 29 முதல், சீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கட்டணங்கள் சேர்ந்த முழு விலையைக் காட்ட வேண்டும். 2025 மே 12 முதல் அந்நாடு முழுவதற்கும் நிகழ்ச்சிச் சீட்டுகளுக்கு இத்தகைய விதி வந்தது. மற்ற எந்தத் தொகையையும் விட முழு விலையே பளிச்சென்று தெரிய வேண்டும். அரசு வரியையும் அனுப்பும் செலவையும் பின்னர்ச் சேர்க்கலாம். அவற்றையும் பணம் கட்டுமுன் சொல்லிவிட வேண்டும்.

இவ்விதி கட்டணத்தை ஒழிக்கவில்லை, குறைக்கவும் இல்லை. பின் பயன் என்ன? ஒருவர் 500 என்று சொல்லி 553 வாங்குகிறார். மற்றொருவர் 540 என்று உண்மையைச் சொல்கிறார். கூட்டம் முதலாமவரிடமே செல்லும். உண்மை சொன்னவர் நட்டப்படுவார். எல்லாரும் முழு விலையைச் சொன்னால்தான் எது மலிவு என்று நாம் ஒப்பிட முடியும். ஆகவே இச்சட்டம் வாங்குபவரோடு நேர்மையான வியாபாரியையும் காக்கிறது.

தோழியரே, பணம் கட்டுமுன் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பெற்றோர் வழியாகத் தெரிவியுங்கள். நம் பள்ளி விழாவுக்கு நாமும் சீட்டு விற்கிறோம். பலகையின் முதல் வரியிலேயே முழு விலையை எழுதி வைப்போம். கணக்குப் பார்த்து வந்த எந்த அம்மாவும் நம் வாசலிலிருந்து திரும்பிப் போக வேண்டாம்.