பங்களாப் புல்தரை வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகிவிட்டது. பழைய துரை பங்களாக்கள் சிலவற்றிலும் இப்போது விருந்தாளிகள்தான். மலையில் கொழுந்து எடுத்த வீட்டுப் பிள்ளைகள் புல் வெட்டும் மெஷினைத் தள்ள வருகிறார்கள். மெஷினை ஸ்டார்ட் பண்ணக் காட்டிக் கொடுக்க ஆள் இருக்கும், புல்லைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இருக்காது. அதனால் சில விஷயங்கள்.

1. மெஷினோடு வருகிற புத்தகத்தில் கோடை என்று ஜூன், ஜூலையைப் போட்டிருப்பான். அது அவன் ஊர்க் கணக்கு. நமக்கு அப்போது தென்மேல் பருவமழையும் காற்றும். நம்ம புல் காய்வது ஜனவரியிலிருந்து மார்ச் வரை: விடியலில் உறைபனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். இந்த ரெண்டு அடியும் வாங்கி புல் சோர்ந்து கிடக்கும்போது ஏப்ரல் சீசன் வந்துவிடும். நுவரெலியாவில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, பங்களா நிறைய ஆள். "நல்லா ஒட்ட வெட்டிவிடு" என்று மேலிடத்துச் சொல்லும் அப்போதுதான் வரும். வெயிலில் செத்த புல்லைவிட அந்த ஒரு வார்த்தையில் செத்த புல் அதிகம்.

2. ஒட்ட வெட்டாதீர்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மூன்று அங்குலம் நின்றால் ரெண்டில் நிறுத்துங்கள். புல்லுக்குச் சாப்பாடு இலையில்தான் தயாராகிறது. இலை போனால் வேர் வளர்வதை நிறுத்திவிடும், மண்ணும் நிழலில்லாமல் காயும். கொழுந்து எடுக்கும்போது ரெண்டு இலை ஒரு மொட்டை எடுத்துவிட்டு கீழ் இலைகளைச் செடிக்கே விடுகிறோமே, அதே நியாயம்தான் இங்கேயும். மழைக்காலத்தில் ஒன்றரை அங்குலம் வைத்திருந்தால், ஜனவரி-மார்ச் காய்ச்சலில் மெஷினின் சக்கரத்தை ஒரு துளை ஏற்றி ரெண்டு, ரெண்டரை அங்குலத்தில் ஓட்டுங்கள்.

நம்ம பக்கம் அதிகம் கிடக்கிற கிக்குயு புல்லுக்கு இது இன்னும் முக்கியம். மேலே விரலளவுதான் பச்சை. விலக்கிப் பார்த்தால் கீழே எல்லாம் கொடியும் பழுப்புத் தண்டும். ஒரு துளை இறக்கி ஓட்டினால் வைக்கோல் விரித்த மாதிரி தரை தெரியும். மழைக்காலமென்றால் சீக்கிரம் மூடிவிடும், காய்ச்சலில் வாரக்கணக்காகும். லீவில் போய் வருவதற்குள் ஆறு அங்குலம் வளர்ந்துவிட்டதா? சில நாள் இடைவிட்டு ரெண்டு மூன்று தடவையாகக் குறையுங்கள்.

மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது? பாதை ஓரத்தையும் பூப்பாத்தி ஓரத்தையும் நூல் பிடித்து நேராக வெட்டுங்கள். ஓரம் நேராக இருந்தால் உயரமான புல்லும் துப்புரவாகத்தான் தெரியும். வருகிறவர்கள் பார்ப்பது ஓரத்தைத்தான்.

3. வெட்டிய மறுநாள் குனிந்து ஒரு இலை நுனியைப் பாருங்கள். கத்தி கூராக இருந்தால் நுனி நேர்கோடாகப் பச்சையாக இருக்கும். மழுங்கியிருந்தால் நூல் நூலாகப் பிய்ந்து வெளுத்திருக்கும். அந்தப் பிய்ந்த வாய் வழியாகத்தான் ஈரமும் போகும், பூஞ்சணமும் நுழையும். தூரத்தில் நின்று பார்த்தால் தரை முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், உரம் பற்றவில்லை என்று தப்பாக நினைப்பார்கள். கத்தியைக் கழற்றுவதற்கு முன் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். ரெண்டு பக்கமும் சமமாக அரம் போட்டு, நடுத்துளையை ஆணியில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கனம், இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

முதல் புல்வெட்டும் மெஷினை 1830இல் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் செய்தார். கம்பளித் துணியின் மேல் நீட்டி நிற்கும் நூலைச் சீவுகிற மில் மெஷினைப் பார்த்து வந்த யோசனையாம். அந்த உருளைக் கத்தி இனம்தான் இன்றைக்கும் கோல்ஃப் மைதானங்களில் குழியைச் சுற்றி வெட்டுகிறது. நுவரெலியாவில் 1889இலிருந்து கோல்ஃப் மைதானம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் குழி ஓரத்து உயரத்தை பங்களாவுக்குக் கொண்டு வராதீர்கள். அந்தப் புல் வேறு, அதற்குக் கிடைக்கிற கவனிப்பும் வேறு.

4. வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும் காலையில் புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது, பங்களா நாயும்தான். உறைந்த இலையை மிதித்தால் உள்ளே நொறுங்கிவிடும், பிறகு வெயில் ஏற ஏற காலடி காலடியாகக் கருப்புத் தெரியும். கருகிய நுனியை உடனே வெட்டவும் வேண்டாம். அடுத்த பனிக்கு அதுதான் போர்வை.

5. தண்ணீர் விட வேண்டுமா என்று அறிய நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதித்த புல் நிமிராமல் கிடந்தால் தாகம். தினமும் தெளிப்பது வீண், வேர் மேலேயே சுற்றும். வாரத்துக்கு ஒரு அங்குலம் போதும், அதை ஒன்றிரண்டு தடவையாகக் காலையில், பனி இருந்தால் அது கரைந்ததும், விடுங்கள். காலியான மீன் டின்களை அங்கங்கே வைத்தால் எவ்வளவு விழுந்தது என்று தெரிந்துவிடும். சாயங்காலம் விட்டால் இலை இரவெல்லாம் நனைந்து நோய் பிடிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சலில் லயத்துப் பீலியில் பிள்ளைகள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். பல இடங்களில் பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒரே ஊற்று. குடத்துக்குத் தண்ணீர் வராதபோது புல்லுக்குக் குழாய் பிடிக்காதீர்கள். கிக்குயு பழுத்துக் கிடந்தால் செத்ததென்று அர்த்தமில்லை, தூங்குகிறது. கொடி மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், மழைக்கு எழும்பும். கேட்டால் இதையே சொல்லுங்கள்.

6. சரிவில் மெஷினைக் குறுக்காகத் தள்ளுங்கள், மேலும் கீழும் அல்ல. வழுக்கினால் கால் மெஷினுக்கடியில் போகும். ஈரத்தில் சரிவே வேண்டாம். செருப்போடு வருகிறவனை நான் மெஷின் தொட விடமாட்டேன்.

7. வெட்டிய புல் குட்டையாக இருந்தால் அப்படியே விடுங்கள், மண்ணுக்கு நிழலும் உரமும் அதுதான். கட்டி கட்டியாக விழுந்தால் மட்டும் வாரி எடுங்கள். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து தோட்டமெல்லாம் தவித்தபோதும் இந்த உரத்தை யாரும் தடுக்கவில்லை.

8. காய்ந்த தரையில் யூரியா போடாதீர்கள், எரிந்துவிடும். சீசன் முடிந்ததும் வாகனம் நின்ற இடமும் கூட்டம் மிதித்த இடமும் கல்லாக இறுகியிருக்கும். முதல் மழை இறங்கியதும் அங்கே நாலு அங்குல ஆழத்துக்கு முள்ளுக் குத்துங்கள். புதுப் பச்சை தெரிந்த பிறகு கொஞ்சமாக உரம், அதற்கடுத்து ஒரு வெட்டு. அந்த முதல் வெட்டும் மேல் துளையிலேயே இருக்கட்டும், பிறகு ஒவ்வொன்றாக இறக்கலாம்.