வனாந்தரச் சோதனையில் மறைமொழியின் இடம்

மத்தேயு நற்செய்தியின் 4ஆம் அதிகாரம், 40 நாள் நோன்பிருந்த இயேசு வனாந்தரத்தில் எதிர்கொண்ட மூன்று சோதனைகளைக் கூறுகின்றது. கற்களை அப்பமாக்குதல், தேவாலய உச்சியிலிருந்து குதித்தல், உலக அரசுகளுக்காகச் சாத்தானைப் பணிதல் என்பன அவை. மூன்றற்கும் அவர் உபாகமத்திலிருந்தே (8:3, 6:16, 6:13) விடையிறுக்கின்றார். இதனால், மறைமொழியை ஓதுதலே பாவத்தை வெல்லும் வழி எனக் கொள்வது எளிது. ஆயின், இரண்டாம் சோதனையில் சாத்தானும் 91ஆம் சங்கீதத்தை எடுத்தாளுதல் நோக்கத்தக்கது. எனவே மறைமொழி இருவர்க்கும் பொது. வேறுபடுவது அதனைக் கையாளும் நோக்கமே ஆகும். கடவுளை அடைக்கலமாகக் கொண்டோர்க்கு உரைக்கப்பட்ட ஆறுதலைச் சாத்தான், அவர்தம் காவலைச் சோதித்தறியும் கருவியாக மாற்றுகின்றான். இயேசு விடையாகக் கூறும் உபாகமம் 6:16, இஸ்ரவேலர் நீர்வேட்கையால் மாசாவில் கடவுளைச் சோதித்த பிழையை நினைவூட்டுவதாகும். அவர்கள் தாகத்தில் தவறினர். இவர் பசி நீங்காத நிலையிலேயே உறுதி குன்றாது நிற்கின்றார். ஆகவே, சோதனையை வெல்லுதல் என்பது மறைமொழியைத் தன் விருப்பிற்கு இசைவித்தல் அன்று. தன் விருப்பை மறைமொழிக்கு உட்படுத்துதலே என்பது இப்பகுதியால் பெறப்படும்.