பழைய மைவிக்கு ஒரு புதுச் சென்சர்

மாசாய், ஜோகூர்

அன்பு மருமகனுக்கு,

உன் அம்மா நேற்று போனில் எல்லாம் சொன்னாள். மைவியில் இஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கூடாயில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் செருகிப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சர் போய்விட்டது என்றார்களாம், நீயும் இணையத்தில் இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து வைத்திருக்கிறாயாம். காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு. பெரோடுவா 2005-இல் மைவியை இறக்கிய நாளிலிருந்து அந்தக் காடிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவன் மாமா. நல்ல சென்சரைக் கழற்றிக் குப்பையில் போட்டதையும், பொருந்தாத சென்சரைப் பூட்டிவிட்டு மறுபடி விளக்கு எரிகிறதே என்று திரும்பி வந்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சின்னப் பொருள் என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கியது அது. 1976-இல் வோல்வோ காடிகளில்தான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் குப்பி. அதன் ஒரு பக்கம் எக்சாஸ்ட் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும் இரண்டு பக்கத்து ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும். எண்ணெய், அதாவது பெட்ரோல், கூடினால் 0.9 வோல்ட்டை ஒட்டி, காற்று கூடினால் 0.1-ஐ ஒட்டி. சமையலில் உப்புப் பார்க்கிற நாக்கு மாதிரி. அது சொல்வதைக் கேட்டுத்தான் இஞ்சின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. வேலை செய்கிற சென்சர் ஓயாமல் மேலும் கீழும் ஆடும். 2500 சுற்றில் இஞ்சினைப் பிடித்தால் பத்து வினாடியில் எட்டு முறையாவது ஆட வேண்டும் என்பது டொயோட்டா கையேடுகளின் கணக்கு. ஆடாமல் 0.1-இலேயே படுத்துவிட்டால், காற்று கூடிவிட்டது என்று நம்பிக் கணினி எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்கும். அரசாங்கத்தின் பெட்ரோல் மானியமான புடி95 திட்டம் 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கியபோது லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு மாதம் 300 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த அளவை வீணாகப் புகையாக்குவதோடு நிற்காது. எரியாத எண்ணெய் போய், நாம் 'கேட்' என்று சொல்லும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுவிடும். சென்சரின் விலை எங்கே, கேட்டின் விலை எங்கே!

ஆனால் விளக்கு எரிந்தாலே சென்சர்தான் குற்றவாளி என்று ஆகாது. ஸ்கேனரில் வந்த எண் என்ன? அதை நீ எழுதி வாங்கவே இல்லை என்று அம்மா சொன்னாள். பி0135 என்றால் சென்சருக்குள் இருக்கும் ஹீட்டரோ, அதன் வயரோ, ஃப்யூஸோ. ஃப்யூஸ் என்றால் சில காசு வேலை. மல்டிமீட்டரில் ஹீட்டரின் இரண்டு வயரையும் தொட்டுப் பார்த்தால் சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சரை மாற்றத்தான் வேண்டும். பி0171, அதாவது காற்று கூடிவிட்டது என்ற எண், வந்தால் பொறு. நம் ஊர் வெயிலில் ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று உள்ளே போயிருக்கலாம். பிளக் சரியாக எரியாவிட்டாலும், சென்சருக்கு முன்னால் எக்சாஸ்ட் குழாயில் ஓட்டை இருந்தாலும், புகையில் ஆக்சிஜன் மிஞ்சி அதே எண் வரும். சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது, நாம் அதைப் போய் மாற்றுகிறோம். பி0420 பெரும்பாலும் கேட்டின் வியாதி.

இன்னொன்று. அந்தக் காடி தாத்தாவிடம் சிகாமட்டில் இருந்தது, 2023 மார்ச் வெள்ளத்தில் தண்ணீரில் நின்றது. சென்சரின் சாக்கெட்டைக் கழற்றிப் பார். உள்ளே பச்சை பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்து, ஸ்கேனரால் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் சென்சர்தான் என்றால் வாங்கு. கடைக்காரரிடம் "மைவி ஓ-டூ சென்சர்" என்று மட்டும் கேட்காதே. பழைய மைவியிலேயே 1.0, 1.3 என்று இரண்டு இஞ்சின். வருடத்துக்கு வருடம் வயர் நீளமும் சாக்கெட்டும் மாறும். சில காடிகளில் கேட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சென்சர் இருக்கும்; எது போனது என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய சென்சரின் உடம்பில் எண் பொறித்திருப்பார்கள். அழிந்திருந்தால் காடியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் பெரோடுவா பார்ட்ஸ் கவுன்டரில் எடுத்துச் சொல்வார்கள். டொயோட்டா குடும்பத்து எண் முறையில் 89465 என்று தொடங்குவது ஆக்சிஜன் சென்சர். 89467 என்று தொடங்குவது ஏர்-ஃப்யூவல் சென்சர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், மரையும் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. "மரை ஏறுது, போதும்" என்பவரின் பேச்சைக் கேட்காதே. பழைய காடிகளில் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் மரைதான், எல்லாமே ஏறும்.

டென்சோவோ என்டிகேயோ வாங்கு. இரண்டும் சென்சரைத் தாங்களே செய்கிற ஜப்பான் நிறுவனங்கள், புதுக் காடிகளுக்கும் கொடுக்கிறவர்கள். அதிலும் சாக்கெட்டோடு வருவதையே வாங்கு. விலை குறைவாக, வயரை வெட்டி ஒட்டிக்கொள்ளும் பொதுவகை ஒன்று உண்டு. அதில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறம் பார்த்து வயரைச் சேர்க்கிறார்கள். டென்சோவில் ஹீட்டர் வயர் இரண்டும் கறுப்பு, சிக்னல் நீலம், எர்த் வெள்ளை. என்டிகே, போஷ் சென்சர்களில் ஹீட்டர் இரண்டும் வெள்ளை, சிக்னல் கறுப்பு, எர்த் சாம்பல். கறுப்பைக் கறுப்போடு முறுக்கினால் சிக்னல் வயர் ஹீட்டர் வயரோடு சேர்ந்துவிடும்; புதுச் சென்சர் அன்றைக்கே போய்விடும். ஈயம் வைத்து ஒட்டுவதும் கூடாது. பல சென்சர்கள் வெளிக்காற்றை வயருக்குள் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன, ஈயம் அதை அடைத்துவிடும்.

பழைய காடிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையைப் பற்றியும் கேட்பாய். ஜோகூரில் வளர்ந்த எந்த மெக்கானிக்கும் அந்தக் கடைகளைக் குறை சொல்ல மாட்டான். ஜப்பானிலிருந்து வெட்டி வரும் பழைய பாகங்களின் இறக்குமதியை 2011 ஜூன் முதல் நிறுத்துவதாக 2009-இல் அரசாங்கம் அறிவித்தபோது, பட்டறைக்காரர்கள் எல்லோரும் கலங்கிப்போனோம். நல்லவேளை, அது நடைமுறைக்கு வரவில்லை. கியர் பாக்ஸ், கதவு, ஆல்டர்னேட்டர் எல்லாம் அங்கே போய்த் தைரியமாக வாங்கு. ஆக்சிஜன் சென்சரை மட்டும் வாங்காதே. அது ஓட ஓடத் தேய்கிற சாமான். ஹீட்டர் உள்ள சென்சரின் ஆயுளே சுமார் 1,60,000 கிலோமீட்டர்தான். வெட்டி வந்த டைஹட்சு பூனோ டொயோட்டா பாசோவோ எவ்வளவு ஓடியது என்று யார் சொல்வது? மைவிக்கு அண்ணன் தம்பி என்றாலும், ஜப்பான் சந்தைக்கு வந்த சென்சர் உன் காடியின் சென்சராகத்தான் இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

போலிகளும் உண்டு. பெட்டி அச்சில் எழுத்து மங்கலாக இருந்தால், சென்சரில் எண் பொறிக்காமல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடு. ரசீதை வைத்துக்கொள். கடைக்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். நம் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பழையதைக் கழற்றும்போது இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஆறிப்போன மரை இறுகிக்கொள்ளும். புதிதின் மரையில் பெரும்பாலும் பேஸ்ட் தடவியே வரும், மேலும் தடவாதே, முனையில் கைகூடப் படக்கூடாது. கழற்றிய பழைய சென்சரின் முனையைப் பார்: கருங்கரியாக இருந்தால் எண்ணெய் கூடி எரிந்திருக்கிறது, வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கூலன்ட் கசிகிறது அல்லது யாரோ சாதாரண சிலிக்கான் பசை போட்டு கேஸ்கெட் ஒட்டியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் புதிதைப் பூட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

இப்போதைக்கு எதையும் ஆர்டர் செய்யாதே. நாளைக்கே அந்தப் பட்டறைக்குப் போய் ஸ்கேனர் எண்ணை எழுதி வாங்கு. பழைய சென்சரில் பொறித்த எண்ணையும், சாக்கெட்டின் உள்பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பார்த்துவிட்டு எதை வாங்குவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா