கடல்நீர்த் தொட்டியும் அடிப்பாறையும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரமாகச் செல்வோர், கரை நெடுகக் கருங்கற்கள் குவிந்து கிடப்பதைக் காண்பர். அவை கடல் தந்தவை அல்ல. மக்கள் கொணர்ந்து இட்டவை. சென்னைத் துறைமுகத்தின் மதில்கள் கடலுக்குள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் தம் கரையைக் கடலுக்குப் பறிகொடுத்தன. எஞ்சிய கரையைக் காக்கவே இக்கற்கள் இடப்பட்டன.

அலை வந்து நனைக்கும் கல் ஒன்றை உற்று நோக்குங்கள். பாசி படர்ந்திருக்கும். கொட்டலசுகள் கூர்மையாக ஒட்டியிருக்கும். இடுக்கில் நண்டு ஒன்று பதுங்கியிருக்கும். மலையை வெட்டி எடுத்த உயிரற்ற கல், கடலில் கிடந்தே பல உயிர்களின் வீடாகிவிட்டது. கடல்மீன் வளர்ப்போர் தம் கண்ணாடித் தொட்டியில் செய்ய முயல்வதும் இதுவே.

சென்னைக்கு இக்கலை புதிதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே மெரினாவில் கடல்வாழ் உயிர்க் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பெற்றது. அது இன்று இல்லை. ஆயினும் வடசென்னைக் கொளத்தூர், வண்ணமீன் வாணிகத்திற்குப் பெயர் பெற்று விளங்குகிறது. அங்கு நன்னீர் மீன் வாங்கி வளர்த்துத் தேறியவருள் சிலர், பின்னர்க் கடல்மீன்மீது ஆசை கொள்கின்றனர். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது மீனை அன்று, கல்லை.

கல் எதற்கு? அழகுக்கு என்று பலர் எண்ணுவர். அஃது அரை உண்மையே. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கல்லின்மேல் வாழும் நுண்ணுயிர்களுள் ஒருவகை அதனை நைட்ரைட்டு ஆக்கும்; மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டு ஆக்கும். நைட்ரைட்டும் கேடு செய்வதே. நைட்ரேட்டின் கேடு மிகக் குறைவு. கல்லின் உள்ளே, பிராணவாயு எளிதில் எட்டாத நுண்துளைகளில் வாழும் வேறு சில உயிர்கள், நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றிலே கலக்கவிடும். ஆகவே துளை மிகுந்த கல்லே தொட்டிக்கு உகந்தது. கரையைக் காக்கும் கருங்கல்லோ உறுதியானது. ஆனால் உட்புகத் துளையற்றது. அதன் புறத்தே மட்டும் உயிர்கள் வாழும்.

துளை மிகுந்த கல்லுக்குப் பவளப்பாறை சிறந்ததாயிற்றே எனலாம். சிறந்ததுதான், அதனாலேயே அதற்குக் கேடு வந்தது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தனர். அலையைத் தடுத்த அரண் குறைந்தது. அங்குள்ள 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு நீரில் மூழ்கிப்போயின. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எனவே பவளப்பாறையைப் பெயர்த்தெடுத்தல் குற்றமாகும். யாரேனும் மலிவாகத் தருவதாகச் சொன்னாலும் வாங்கற்க.

எண்ணூர்க் கரையிலே கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாமா? அதுவும் ஆகாது. 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலிற் பரவியது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது. அனல்மின் நிலையச் சாம்பலும் அந்நீரில் கலந்துள்ளது. துளையுள்ள கல் நுண்ணுயிரை மட்டுமா ஏற்கும்? எண்ணெயையும் உறிஞ்சிவைத்துப் பின்னர்ச் சிறிதுசிறிதாகக் கசியவிடும்.

கடையில் கிடைக்கும் உலர்ந்த சுண்ணாம்புப் பாறையை வாங்கும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். கையில் எடுத்தால் பருமனுக்கு ஏற்ற கனமின்றி இலேசாக இருத்தல் நன்று. புளிக்காடி ஒரு துளி விட்டால் நுரைக்க வேண்டும்; நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். துருநிறக் கோடுகளோ பொன்போல் மின்னும் துகள்களோ தென்பட்டால் விலக்குக. அவை உலோகக் கலப்பின் அடையாளங்கள்.

கல்லை நாமே செய்துகொள்ளவும் கூடும். எனக்கு உகந்த முறை இதுவே. அடுப்படியில் எஞ்சும் கிளிஞ்சல்களைக் கழுவி உலர்த்தி உடைத்து, பரல் உப்புடன் கலக்க வேண்டும். அக்கலவை நான்கு பங்கும் சிமெண்டு ஒரு பங்கும் சேர்த்து, நீர் சிறிதே தெளித்துப் பிசைந்து, ஈர மணற்குழியில் வார்க்க வேண்டும். இறுகிய பின் நன்னீரில் மூழ்கவைத்தால் உப்புக் கரைந்து வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் துளையாகும். புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொல்லவல்லது. ஆதலின் அடிக்கடி நீரை மாற்றிக்கொண்டு ஆறு முதல் எட்டு வாரம் ஊறவைத்தல் வேண்டும். ஊறிய நீரின் பி.எச். அளவு, ஊற்றிய நீரின் அளவோடு ஒத்து நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வாங்கிய கல்லாயின் தூரிகையால் தேய்த்துக் கழுவுக. பழைய தொட்டியிலிருந்து வந்ததாயின், நீர்த்த சலவைத்தூள் நீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, பலமுறை அலசி, மணம் முற்றும் நீங்க வெயிலில் உலர்த்துக. சலவைத்தூளோடு அமிலம் எதனையும் சேர்க்கலாகாது, நச்சுவாயு கிளம்பும். கல்லைக் கொதிக்கவைத்தலும் தீது. சில கடலுயிர்கள் ஒட்டியிருந்தால் அவற்றின் நஞ்சு ஆவியோடு கலந்து நம் மூச்சில் ஏறும். பெரியவர் ஒருவரை உடன்வைத்துக்கொண்டே இவற்றைச் செய்தல் வேண்டும்.

இதன்பின் கல்லைத் தொட்டியில் அடுக்கலாம். நூறு லிட்டர் நீருக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ போதும். துளை மிகுந்த கல்லாயின் இன்னும் குறையலாம். முதலில் கல், பிறகே மணல். மணல்மேல் கல்லை வைத்தால், அடியில் தோண்டும் உயிர்கள் அதனைச் சாய்த்துவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கரைத்த நீரை ஊற்றி ஓடவிட வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறிப் பின் இறங்கும். இரண்டும் இல்லாது போகச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை மீன் விடலாகாது.

அக்காலத்தில் கல்லின்மேல் பழுப்பு நிறப் படலம் படியும். பின்னர்ப் பச்சைப் பாசி தோன்றும். கல் கெட்டதோ என்று அஞ்சி வெளியே எடுத்துத் தேய்ப்போர் உண்டு. தேய்த்தால் குடியேறிய நுண்ணுயிர்களும் போய்விடும். வாரக்கணக்கை மீண்டும் முதலிலிருந்தே எண்ண வேண்டியதுதான்.