மாசி மழையும் தேனீப் பெட்டியும்

மாசி, பங்குனியில் வெயிலும் மழையும் மாறி மாறி வந்தால் தேனீப் பெட்டிக்குள் என்ன நடக்கும் தெரியுமா? மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. தளிர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பு நீர்தான். ஒரு மழை அடித்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். உள்ளே புழுக்கள் ஏராளம்; வெளியே வரத்து இல்லை. பட்டினிதான்!

பெட்டியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். கனமில்லையென்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கரைத்து, ஆறவைத்து, சாயங்காலம் உள்ளே வையுங்கள். பகலில் வைத்தால் அடுத்த கூட்டுத் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். என் வீட்டில் ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு! அந்த நாட்களில் சேர்ந்ததை மருந்துக்கு எடுக்காதீர்கள். அது சர்க்கரைப் பாகுதான். சூரணத்துக்கு அனுபானமாகக் கொடுத்து என்ன பிரயோஜனம்? மெழுகு மூடாத அறைத் தேனும் வேண்டாம். ஈரம் அதிகம், புளித்து நுரைத்துவிடும்.

இன்னொன்று. சேனை வைக்கிறேன் என்று பாட்டி எவ்வளவு சொன்னாலும் சரி, ஒரு வயசு முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகள் பச்சைக் குடலில் முளைத்து நஞ்சாகும்.

தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சு முட்டினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ என்னைத் தேடி வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.